பள்ளத்தை நிரப்பு

எங்கள் ஊர்க் கண்மாய்களை முதன்முதலில் கணினி வரைபடத்தில் ஏற்றியபோது அவை ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தன.

ஊரைச் சுற்றியுள்ள 31 கண்மாய்களின் அமைவிடத்தைக் கைப்பேசியில் குறித்து, எக்செல்லில் தட்டி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் இழுத்துவிட்டேன். மானாமதுரைப் பக்கம் வரவேண்டிய புள்ளிகள் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சற்று மேற்கே, கடலுக்குள் கும்பலாக நின்றுகொண்டிருந்தன. காரணம் சின்னது. நாம் பேசும்போது அட்சரேகையை முதலில் சொல்வோம். மென்பொருள் முதலில் எக்ஸ் கேட்கிறது, எக்ஸ் என்றால் தீர்க்கரேகை. 9.7 வடக்கு, 78.4 கிழக்கு என்பது 78.4 வடக்கு, 9.7 கிழக்கு ஆகிவிட்டது. அன்றைக்கு இரவு பதினொன்றரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மானாவாரிக் கண்மாய்கள், ஒரு தடவையாவது தண்ணீரைப் பார்த்தன.

நான் கணக்கு எழுதுகிறவள். மதுரையில் ஒரு அலுவலகத்தில் ஜிஎஸ்டி தாக்கல், சம்பளப் பட்டியல், ஆண்டு முடிவுக் கணக்கு என்று பதினாறு வருஷம் ஓடிவிட்டது. புவியியல் பத்தாம் வகுப்போடு சரி. நாற்பது வயதுக்கு மேல் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் போட்டு ஆராய்கிற வித்தை, படிக்கப் போனதற்கு ஒரு தீபாவளிச் சண்டைதான் காரணம்.

அந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் பெரிய கண்மாயில் முட்டளவுத் தண்ணீர்கூட இல்லை. "வரத்துக்கால எவனோ அடைச்சுட்டாய்ங்க" என்றார் அப்பா. "மழையே இல்லண்ணே, இருந்தாத்தான வரும்" என்றார் சித்தப்பா. இது வருஷா வருஷம் நடக்கிற பட்டிமன்றம்தான். ஆனால் அந்தத் தடவை ஒரு விஷயம் உறுத்தியது. எங்களுக்கு மேலே இருக்கிற மேலக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்திருந்தது. உபரி வழிகிற கலிங்கைத் தாண்டிப் போன அந்தத் தண்ணீர் எங்கே? மழை குறைவு என்ற பதிலுக்குள் அது அடங்கவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு பக்கம் செலவு எழுதி, மறுபக்கம் வரவு இல்லையென்றால் தூக்கம் வராது.

வட மாவட்டத்துக்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் ஏரி என்பதை எங்கள் பக்கம் கண்மாய் என்போம். குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி. தமிழ்நாடு முழுக்க இப்படிப்பட்ட நீர்நிலைகள் சுமார் 39,000 இருப்பதாகக் கணக்கு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறுகிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறை வழி வந்த நீர்வளத்துறை பார்த்துக்கொள்ளும், குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்று நிரம்பினால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒரு கண்ணியில் தவறு நடந்தால் கீழே இருக்கிறவர்களெல்லாம் மழையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, படத்தில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

கியூஜிஐஎஸ் இலவசம். 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. முதல் மாதம் நான் செய்த தப்புகளை மட்டும் எழுதினாலே ஒரு பதிவு தேறும். எங்கள் கண்மாய்க் கரையின் நீளத்தை அளந்தால் 0.014 என்று வந்தது. 0.014 என்ன? மீட்டரா, மைலா? டிகிரி. உருண்டையான பூமியின் கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு நீளம் கேட்டால் கோணத்தில்தான் பதில் வரும். தட்டையான தாளில் விரித்து, மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக வாழைப்பழம் உரித்ததுபோல் அறுபது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், யூடிஎம் என்று பெயர். எங்கள் ஊர் 44ஆம் மண்டலம். வேடிக்கை என்னவென்றால், 43க்கும் 44க்கும் எல்லையான 78ஆம் தீர்க்கரேகை மதுரைக்குக் கொஞ்சம் மேற்கேதான் ஓடுகிறது. மதுரை 44இல், உசிலம்பட்டி 43இல். வைகையின் முழுப் பாதையையும் வரைய நினைத்தால் நட்டநடுவில் எல்லை தாண்ட வேண்டும்.

அதே 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித்தான் இருநூறு வருஷத்துக்கு முன்னால் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளந்துகொண்டு போனார். 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய வேலை. மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு போய்ச் சுவரில் மோதி நசுங்கியது, அதை அவரே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். இதையெல்லாம் நான் ஏன் படித்தேன் என்றால், அந்த அளவையின் பேரப்பிள்ளைகளில் ஒன்று என் கணினியில் வந்து வம்பு செய்தது.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நில வரைபடத் தாள், டோபோஷீட், ஒன்று கிடைத்தது, எண் 58 கே வரிசையில். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவு. கண்மாய், கரை, வாய்க்கால், கோயில், பனைமரம்வரை இருந்தது. மூலைகளில் அச்சடித்திருந்த அட்ச தீர்க்கரேகைகளை வைத்து அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினேன். எல்லாக் கரைகளும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றன. மூன்று இரவு திரும்பத் திரும்பப் பொருத்தியும் அதே தூரம், அதே திசை. என் கை நடுங்கியிருந்தால் பிழை அங்குமிங்கும் சிதறியிருக்கும். ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் தப்பு கையில் இல்லை, அஸ்திவாரத்தில். (கணக்கிலும் இது உண்டு. வித்தியாசம் மாதாமாதம் ஒரே தொகையாக வந்தால் அது கூட்டல் பிழையாக இருக்காது.)

அந்தப் பழைய தாள் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்டது எவரெஸ்ட் 1830 என்ற கணக்கை. லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்தியத் துணைக்கண்டத்துக்குப் பொருந்தும்படி வகுத்தது. ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு வடிவத்தை, மொத்த பூமிக்குமானது. இரண்டிலும் ஒரே எண்ணைச் சொன்னாலும் தரையில் இடம் வேறு. தாள் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்று மென்பொருளுக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று இரவு மிஞ்சியிருக்கும். சொன்னதும் கரைகள் நகர்ந்து வந்து, மூச்சுவிடுகிற நேரத்தில், தங்கள் இடத்தில் உட்கார்ந்தன.

இன்னொரு சின்ன வம்பையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையில் அட்டவணைத் தலைப்பு பத்து பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கண்மாய்' என்று நான் வைத்த தலைப்பு வெட்டுப்பட்டு 'கண்' என்று நின்றது. ஜியோபேக்கேஜ் வகையில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த இரண்டு மாதம் டோபோஷீட்டையும் செயற்கைக்கோள் படத்தையும் வைத்துக்கொண்டு 31 கண்மாய்களின் உள்வாயையும் (தண்ணீர் பரவுகிற உள்பகுதி) கரையையும் கையால் வரைந்தேன். எந்தப் பாடத்திலும் இதை முக்கியமாகச் சொல்வதில்லை, சலிப்பான வேலை. ஆனால் நான் கற்றதில் பாதி இங்கேதான். எங்கே கோட்டை நிறுத்துவது என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டும். கண்மாயின் எல்லை எது? தண்ணீர் நிற்கிற இடமா, நிரம்பினால் நிற்கக்கூடிய இடமா, கிராம வரைபடத்தில் கண்மாய்ப் புறம்போக்கு என்று போட்டிருக்கிற இடமா? மூன்றும் மூன்று கோடு. மூன்றுக்கும் நடுவில்தான் எங்கள் பக்கத்து நெல், கருவேலம், வீட்டுமனை எல்லாம் இருக்கின்றன.

தண்ணீர் நிற்கிற இடத்தைச் செயற்கைக்கோளிடமே கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல் 2 பத்து மீட்டர் துல்லியத்தில், சில நாள் இடைவெளியில் எடுத்த படங்களை இலவசமாகத் தருகிறது. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். செடிகொடி அகச்சிவப்பை அப்படியே திருப்பி அடிக்கும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலே வரும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் சொன்ன சூத்திரம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். டிசம்பர் மாதப் படத்தில் போட்டதும் மேலக் கண்மாய் பளிச்சென்று நீலமாக வந்தது. அதற்குப் பக்கத்துக் கண்மாய் ஒன்று வறண்டது என்று வந்தது. ஆனால் அதே மாதம் அதில் என் தம்பி மீன் பிடித்த போட்டோ என் கைப்பேசியில் இருந்தது.

சீமைக்கருவேலம். கண்மாய்க்குள் காடாக நிற்கிற மரத்தின் தலையைத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது, அடியில் நிற்கிற தண்ணீரை அல்ல. ஆகாயத்தாமரை மூடிய கண்மாய்க்கும் இதே கதி. சூத்திரத்தில் பிழையில்லை, மேலிருந்து தெரிவதை அது சரியாகவே சொன்னது. நான் கேட்ட கேள்வி வேறு.

அப்புறம் 'அருகில்' என்ற சொல் என்னைப் படுத்தியது. எங்கள் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் தரக்கூடியது எது என்று பார்க்க, மிக அருகில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டினேன். 400 மீட்டரில் இருக்கிற சின்னக் கண்மாயைக் காட்டியது. அதற்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நடுவில் ஒரு மேடு ஓடுகிறது, கண்ணுக்கே தெரியாத மேடு, சைக்கிளில் போனால் தொடைக்குத் தெரியும். அது வேறு சங்கிலி. எங்களுக்குத் தண்ணீர் வரவேண்டியது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மேலக் கண்மாயிலிருந்து. காகம் பறக்கிற தூரம் வேறு, தண்ணீர் நடக்கிற தூரம் வேறு.

ஜிஐஎஸ் பாடங்களெல்லாம் ஜான் ஸ்னோவின் காலரா வரைபடத்தில்தான் தொடங்குகின்றன. 1854, லண்டன், பிராட் தெரு அடிகுழாய், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. எனக்கு அலுத்துப்போன கதை. ஆனால் அவருடைய வரைபடத்தின் இரண்டாம் வடிவத்தில் ஒரு வளைகோடு உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. அந்தக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் நடந்து போகிற தூரம் சமமாகிற இடங்களைச் சேர்த்த கோடு. நேர்கோட்டுத் தூரம் அல்ல, தெருவழியே குடத்தோடு போகிற தூரம். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

சரி, தண்ணீர் நடக்கிற தூரத்துக்குத் தரையின் உயரம் தெரிய வேண்டும். இங்கேதான் விஷயமே.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, அறுபது மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் ஒரு ரேடார் ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு, உலகத்தின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்பார்கள். முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம், முழு மீட்டரில். அதை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிடுவதற்கு எல்லாப் பாடங்களும் ஒரே வரிசை சொல்கின்றன. முதலில் பள்ளங்களை நிரப்பு. பிறகு ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது சரிவு அதிகமோ அந்தப் பக்கம் அம்புக்குறி போடு. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலேயிருந்து எத்தனை கட்டத்துத் தண்ணீர் வந்து சேர்கிறது என்று கூட்டு. நிறையச் சேர்கிற கட்டங்களைக் கோர்த்தால் ஓடை.

பயிற்சிக்காகப் பழனி மலைச் சரிவில் போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக வந்தது. டோபோஷீட்டில் நீலக் கோடாக இருந்த ஓடைகளின் மேலேயே கணினி போட்ட கோடுகளும் போய் உட்கார்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எங்கள் ஊருக்கும் போட்டேன்.

அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் இணையான நேர்கோடுகள் வந்தன. தென்கிழக்கே ஏழெட்டுக் கோடு, பக்கத்தில் பக்கத்தில், ரயில் தண்டவாளம் மாதிரி. கண்மாய்களுக்கு நடுவாகவே போயின, கரையைக் கண்டுகொள்ளவில்லை. ஏதோ தப்பு என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. சனிக்கிழமை மடிக்கணினியை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் கண்மாய் மடையைத் திறந்து மூடி, வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சி வேலை ஒரு குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள் எனக்கு முறைக்குப் பெரியப்பா. வயது எண்பதை நெருங்குகிறது. இப்போது நெல்லும் இல்லை, முறையும் இல்லை, அறுப்புக்கு அவருக்கு அளக்கிற கூலி நெல்லும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை ரொம்ப நேரம் பார்த்தார். மேற்கு எது என்று கேட்டார். கோயிலைக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்:

"ஏத்தா, கண்மாய் பூராத்தையும் தூத்துப்புட்டு அதுக்கு மேல கோடு போட்டுருக்கியே?"

"நான் தூர்க்கலையே பெரியப்பா, கம்ப்யூட்டர் போட்டது."

"எது போட்டா என்ன. தூத்ததுக்கு மேல தண்ணி இப்படித்தான் ஓடும். பங்குனியில தரிசுல ஊத்துன மாதிரி."

பள்ளங்களை நிரப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முதல் கட்டளை ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. நாலாபக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த இடம் வந்தால் அம்புக்குறி அங்கேயே மாட்டிக்கொண்டு வெளியே வராது. மலைநாட்டில் அப்படிப்பட்ட பள்ளம் பெரும்பாலும் அளவைப் பிழை, அதனால் விளிம்புவரை நிரப்பிவிட்டு மேலே போ என்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் பூமியில் பள்ளம் பிழையல்ல. தலைமுறை தலைமுறையாக மண்ணை வெட்டிக் கரையில் போட்டு உண்டாக்கியது. நான் ஒரு சொடுக்கில் 31 கண்மாயையும் தூர்த்திருந்தேன், அதுவும் எந்தப் பட்டாவும் இல்லாமல்.

அன்று சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. நிரப்பிய தரையிலிருந்து நிரப்பாத தரையைக் கழித்தால் என்ன மிஞ்சும்? நிரப்பியது மட்டும் மிஞ்சும். கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் போடுகிற ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரு வரி. திரையில் எங்கள் கண்மாய்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒரு பக்கம் வளைந்த கரை, மறுபக்கம் மெல்லக் கரைந்து போகிற உள்வாய். 31இல் 22 தெளிவாகத் தெரிந்தன. குப்பையும் நிறைய, செங்கல் சூளைப் பள்ளம், மண் அள்ளிய குழி, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒற்றைக் கட்டம். ஆனால் எடுத்தெறியச் சொன்ன பிழைகளைச் சேர்த்து வைத்தாலே எங்கள் ஊரின் நீர்நிலைப் படம் கிடைத்துவிட்டது. பெரியப்பா இந்தப் படத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத இரண்டு தாங்கல்களும் (சின்ன நீர்நிலைகள்) அதில் இருந்தன.

ஆழத்தை மட்டும் நம்பக்கூடாது. விண்கலம் அளந்தது பிப்ரவரியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு. ரேடார் தண்ணீருக்குள் போகாது. நிறைந்து கிடந்த கண்மாயில் அது அளந்தது நீர்மட்டத்தை, அடித்தரையை அல்ல. கரைமேல் நிற்கிற பனையும் கருவேலமும் கரையின் உயரத்தில் சேர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சரிவு. மதுரையிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைவரை தரை ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் தாழ்கிறது. ஒரு கிலோமீட்டர் என்பது முப்பத்துமூன்று கட்டம். உயரமோ முழு மீட்டரில். முப்பத்துமூன்று கட்டமும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு, முப்பத்துநாலாவது ஒன்று குறைத்துச் சொல்லும், அதுவும் பக்கத்தில் ஒரு புளியமரம் இல்லாமல் இருந்தால். இதை வைத்து வாய்க்கால் எப்படிப் போகிறது என்று கேட்பது லாரியை நிறுக்கும் எடைமேடையில் தாலியை நிறுப்பது மாதிரி. அந்தக் காலத்தில் நிறைகுடத்தையும் கண்ணையும் வைத்துக்கொண்டு இந்தச் சரிவில் மூன்று கிலோமீட்டருக்கு வரத்துக்கால் வெட்டியவர்கள் எந்த மட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த எண்களைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

கிராஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள், கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளிருந்தே ஓட்டலாம். அதிலுள்ள நீர்ப்பிடிப்புக் கருவி பள்ளத்தை நிரப்பச் சொல்வதில்லை. இவை நிஜமான பள்ளங்கள், தண்ணீர் இங்கே நிற்கும் என்று நாமே ஒரு படம் கொடுக்கலாம். கண்மாய்களைக் கொடுத்தேன். வாய்க்கால்களுக்கு வேறு வழி, தெரிந்த வாய்க்கால் போகிற கட்டங்களின் உயரத்தைக் கையால் குறைத்துத் தரையில் தடம் வெட்டிவிடுவது. தெரிந்த வாய்க்கால் யாருக்குத் தெரியும்? பெரியப்பாவுக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தம்பியின் பைக்கில் உட்கார வைத்து, நான் பின்னால் ஸ்கூட்டரில் கைப்பேசி ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுக்கொண்டு போனேன். பைக் போகாத இடத்தில் நடந்தார். கருவேலங்காட்டுக்குள் நின்று "இதுக்குள்ள போகுது" என்பார். எனக்கு முள்ளைத் தவிர எதுவும் தெரியாது. பிறகு கிராம வரைபடத்தில் பார்த்தால் அதே இடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனிச் சர்வே எண் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அவர் சொன்னதும் வரைபடமும் ஒத்துப்போகவில்லை. வரைபடம்தான் சரி, அவர் சொன்னது பின்னால் யாரோ திருப்பிவிட்ட தடம். "ஆமா, எம்பத்தஞ்சுல திருப்பினது" என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு கள்ளத்தனம் இருப்பதாக எனக்கே பட்டது. வாய்க்கால் எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் கணினி. வாய்க்காலை நானே உள்ளே போட்டுவிட்டு, இதோ வாய்க்கால் என்று அது காட்டினால் அதில் என்ன இருக்கிறது? ரெண்டு வாரம் குழம்பினேன். அப்புறம் கேள்வியை மாற்றினேன். வாய்க்கால் இருந்தால் எங்கள் கண்மாய்க்கு எவ்வளவு நிலத்துத் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் எவ்வளவு? இரண்டு தடவை ஓட்டி இரண்டு பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாய்க்கால் இல்லாமல் எங்கள் கண்மாயின் சொந்த நீர்ப்பிடிப்பு ஊரைச் சுற்றிய ஒரு சின்னத் துண்டுதான். வாய்க்காலோடு அது ஏழு மடங்குக்கும் மேல். முன்னே சொன்ன உயரப் பிழைகளை வைத்துப் பார்த்தால் அந்த ஏழு ஐந்தாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். ஒன்றாக இருக்காது. சித்தப்பா சொன்ன மழையும் அப்பா சொன்ன வரத்துக்காலும் ஒரே எடை அல்ல.

பிறகு செய்தது மிகச் சுலபமான காரியம், முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம். வரத்துக்கால் கோட்டையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து எடுத்த சாலைக் கோடுகளையும் வெட்டவிட்டு, வெட்டுகிற புள்ளிகளைக் கேட்டேன். தண்ணீர் மாட்டிக்கொள்வதென்றால் பெரும்பாலும் சாலையைக் கடக்கிற இடத்தில்தான். நான்கு புள்ளி வந்தது.

அப்பா, தம்பி, நான் மூவரும் போய்ப் பார்த்தோம். முதல் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவது, சாலையைச் சில வருஷத்துக்கு முன் உயர்த்திப் போட்டபோது மாற்றிய குழாய்ப் பாலம். பார்த்தால் புதுசு, சிமென்ட் பூச்செல்லாம் நேர்த்தி. அடைப்பும் இல்லை, குழாய்க்குள் நாய்க்குட்டி படுத்திருந்தது. அப்பாவுக்கே ஏமாற்றம். திரும்பப் போகையில் தம்பிதான், வாய்க்கால் அடியில் நின்றவன், குழாயின் வாய் தன் தொடையளவில் இருப்பதைக் கவனித்தான். ஊரில் கொத்தனார் வேலை பார்க்கிற மச்சானைக் கூப்பிட்டோம். வீட்டுக்கு மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபோடு வந்தார். இருபது ரூபாய் டியூப், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டம். பாலத்துக்கு மேல்புறத்து வாய்க்கால் தரையைவிடக் குழாயின் அடி ஒன்றேகால் அடி உயரத்தில் இருந்தது. மேலக் கண்மாய் மறுகால் பாயும்போது தண்ணீர் இங்கே வந்து முட்டி, நின்று, ஒன்றேகால் அடி ஏறுவதற்குள் பக்கத்துத் தரிசில் பரவி, மறுபக்கத்து ஓடையில் இறங்கிப் போயிருக்கிறது. பரவியதற்கு அடையாளமாக அங்கே கோரை முளைத்திருந்தது.

ஒன்றேகால் அடி என்பது நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லை. முழு மீட்டரில் பேசுகிற விண்கலத்து ரேடாருக்கு இது எப்போதும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நான்கு புள்ளி இல்லாமல் மூன்று கிலோமீட்டர் முள்ளுக்குள் டியூபைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கே தொடங்கியிருப்போம் என்பதும் தெரியாது. பெரியப்பாவிடம் சொன்னபோது, "குழாய் போட்டவன் ரோட்டுக்கு மட்டம் பாத்துருக்கான், தண்ணிக்குப் பாக்கல" என்றார். சித்தப்பா, "அதுதான் நானும் சொன்னேன்" என்றார். அவர் சொல்லவில்லை.

டோபோஷீட், கிராம வரைபடம், இரண்டு நீர்ப்பிடிப்புப் படம், டியூப் வைத்து எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு மனுவாக எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எந்த கம்பெனியில் செய்தது என்று கேட்டார். ரசீது கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தடவை ஒரு ஜீப் வந்து பாலத்தருகே நின்றுவிட்டுப் போனதாகத் தம்பி சொன்னான்.

புரட்டாசி பிறந்துவிட்டது. கோப்பில் அந்த மூன்றாவது புள்ளிக்கு எதிரே 'நிலை' என்ற கட்டத்தில் 'குழாய் உயரம், மனு கொடுத்தாயிற்று' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பெரியப்பா சொன்னதைப் போடுவதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், அதில் அவர் சொன்னபடியே எழுதினேன்: "ஐப்பசியில ஒரு நல்ல மழைக்கு ரோட்டை வெட்டி விட்டுரணும்." அதை மனுவில் சேர்க்கவில்லை.